அடைப்புக்குறிக்குள் ஒரு டிராயிங் ஆபீஸ்

திரையின் அடியில், கமாண்ட் வரியில், '1>' என்று வந்து நின்றால் ஒரு அடைப்புக்குறி மூடாமல் பாக்கி இருக்கிறது என்று பொருள். '3>' என்றால் மூன்று. மூன்று முறை மூடி என்டர் தட்டினால்தான் மறுபடி படம் வரைய விடும். தொண்ணூறுகளில் சென்னையில் ஆட்டோகேட் ஓடிய டிராயிங் ஆபீஸ்களில், இந்த எண்ணைப் பார்த்து முனகிக்கொண்டே மூடும் குறியைத் தட்டுகிற ஒருவராவது இருப்பார். அவரிடம் போய், "நீங்கள் எழுதுவது லிஸ்ப், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் 1958-இல் பிறந்த மொழி" என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். "மொழியாவது ஒண்ணாவது சார், கம்பி லிஸ்ட் போட்டுக்கிட்டிருக்கேன், பில்டர் வந்து உக்காந்திருக்காரு" என்றிருப்பார்.

அந்த முனகல் கூட்டத்தில் நானும் உண்டு. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ஆபீசில் சேர்ந்தேன். லிஸ்ப் பற்றிப் பின்னாளில் படித்த வரலாறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் போகின்றன. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, லிஸ்புக்கென்றே கட்டிய விலை உயர்ந்த இயந்திரங்கள், 1987 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது, பிறகு சில மேதைகளும் சில கம்பெனிகளும். நாங்கள் அதில் எங்கேயும் இல்லை. லிஸ்ப் அன்றாடச் சோற்றுக்கு உழைத்த இடம் எது என்று கேட்டால், டிராயிங் ஆபீஸ் என்பதுதான் என் கட்சி.

முதலில் காகித காலத்தைச் சொல்ல வேண்டும். டிரேசிங் பேப்பர், மினி டிராஃப்டர், எழுத்துக்கு ஸ்டென்சில், கோட்டின் தடிமனுக்கு ஒன்றாக 0.2, 0.3, 0.5 என்று ராட்ரிங் பேனாக்கள். மை தப்பாக விழுந்தால் பாதி பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே மறுபடி கோடு போடுவோம். பிறகு அமோனியா பிரிண்ட். அந்த அறைக்குள் போய் வந்தால் கண் எரியும். ஆபீசில் வரிசையும் உண்டு: டிரேசர், டிராஃப்ட்ஸ்மேன், சீனியர் டிராஃப்ட்ஸ்மேன், எல்லாருக்கும் மேலே டிசைன் எஞ்சினியர்.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோலக் கோடு போடுவதில் நேரம் போகவில்லை. எண்ணுவதிலும் திரும்ப எழுதுவதிலும்தான் போயிற்று. ஆர்க்கிடெக்ட் ஒரு தூணை 150 மில்லிமீட்டர் நகர்த்தினால் கிரிட் மாறும், அளவுகள் மாறும், அந்தத் தூணில் வந்து சேரும் பீம்களின் நீளம் மாறும், பீமுக்குள் இருக்கும் கம்பியின் நீளம் மாறும், கடைசியில் கம்பிப் பட்டியலின் எடை மாறும். நாலு ஷீட்டில் சுரண்டல். பட்டியலைக் கால்குலேட்டர் வைத்து மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வந்தபோது கோடு போடும் வேலை சுலபமாயிற்று. எண்ணும் வேலை அப்படியே இருந்தது. அங்கேதான் லிஸ்ப் நுழைந்தது.

அது எங்களிடம் வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. ஜான் மெக்கார்த்தி என்ற கணித மனிதர் எம்.ஐ.டி.யில் 1958-இல் அதை வடிவமைக்கத் தொடங்கினார். எண்களைப் பெருக்கிக் கூட்டுவதற்கு அப்போது ஃபோர்ட்ரான் இருந்தது. மெக்கார்த்திக்கு வேண்டியது, சொற்களையும் சூத்திரங்களையும் பட்டியல்களாக வைத்துக்கொண்டு அவற்றைப் பிரிக்கவும் சேர்க்கவும் கூடிய ஒரு முறை. 1960-இல் அவர் அச்சிட்ட கட்டுரையில், லிஸ்பில் எழுதிய எதையும் மதிப்பிட்டு விடை சொல்லக்கூடிய ஒரு சார்பை அந்த மொழியிலேயே எழுதிக் காட்டியிருந்தார். காகிதத்தில் படித்துப் பார்ப்பதற்காக எழுதியது அது. அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல், இதையே இயந்திர மொழியில் எழுதிவிட்டால் ஓடுமே என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்று மெக்கார்த்தி சொல்லிப் பார்த்தாராம். ரஸ்ஸல் எழுதினார், ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் ஓடியது. கைவேலைக்காரன் முந்திக்கொண்ட கதை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. இதே ரஸ்ஸல்தான் 1962-இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஸ்பேஸ்வார்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டையும் எழுதியவர்.

அந்த 704-இல் ஒரு சொல்லுக்கு 36 பிட். அதற்குள் 15 பிட் கொண்ட இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றுக்கு 'அட்ரஸ்' என்று பெயர், மற்றதற்கு 'டிக்ரிமென்ட்'. பட்டியலின் தலையை எடுக்கும் செயலுக்கு முதல் துண்டின் பெயரை வைத்து 'கார்' என்றும், மிச்சத்தை எடுக்கும் செயலுக்கு இரண்டாம் துண்டை வைத்து 'குடர்' என்றும் பெயர் விழுந்தது. இரண்டையும் சேர்த்தால், அதாவது மிச்சத்தின் தலையை எடுத்தால், 'கேடர்'. இயந்திரம் காயலான் கடைக்குப் போய்விட்டது; பெயர் போகவில்லை. முப்பது வருஷம் கழித்து எங்கள் ஆபீசில் ஒரு தூணின் மூலை (1200.0 450.0) என்று ஒரு பட்டியலாக உட்கார்ந்திருக்கும். அதன் எக்ஸ் வேண்டுமா, 'கார்'. ஒய் வேண்டுமா, 'கேடர்'. எங்களுக்கு இலக்கணமே அவ்வளவுதான்.

ஆட்டோடெஸ்க் என்ற கம்பெனியை 1982-இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் கலிஃபோர்னியாவில் தொடங்கினார்கள். அந்த வருஷம் நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் ஆட்டோகேட் முதன்முதலாக வெளியே தெரிந்தது. பெரிய கம்பெனிகள் மட்டும் வாங்கக்கூடிய கேட் இயந்திரங்கள் இருந்த காலத்தில், இது சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடியது. ஆனால் படம் வரைகிற ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தேவை. கட்டடக்காரனுக்குக் கம்பி, மெக்கானிக்கலுக்குப் பல்சக்கரம், சர்வேயருக்கு கான்டூர். எல்லாவற்றையும் கம்பெனியே செய்து தர முடியாது. செய்துகொள்ள ஒரு வழி விட்டால் போதும். அந்த வழிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது லிஸ்ப். டேவிட் பெட்ஸ் என்பவர் எழுதியிருந்த 'எக்ஸ்லிஸ்ப்' என்ற சின்ன லிஸ்பை எடுத்து, படம் வரையும் சொற்களைச் சேர்த்து, 1986 ஜனவரியில் 2.18 பதிப்போடு 'ஆட்டோலிஸ்ப்' என்று விட்டார்கள். (அதே எக்ஸ்லிஸ்பின் இன்னொரு பிள்ளைதான் கார்னகி மெலனில் ரோஜர் டானன்பெர்க் செய்த 'நைக்விஸ்ட்'. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஆடாசிட்டிக்குள் அது இருக்கிறது. பங்காளி பாட்டுக்காரனாகப் போய்விட்டான்.)

இங்கே ஒரு வேடிக்கை. இதே வருஷங்களில் சிம்பாலிக்ஸ் போன்ற கம்பெனிகள் லிஸ்புக்கென்றே கட்டிய கம்ப்யூட்டர்களைப் பல பத்தாயிரம் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தன. 1985 மார்ச்சில் உலகின் முதல் டாட்காம் பெயரைப் பதிவு செய்ததுகூட சிம்பாலிக்ஸ்தான். லிஸ்ப் என்றால் அந்தப் பெரிய பெட்டி என்று உலகம் நினைத்திருந்த நேரத்தில், 640 கிலோபைட் டாஸ் பெட்டிக்குள், ஆட்டோகேட் சாப்பிட்டு மிச்சம் வைத்த மூலையில் எங்கள் லிஸ்ப் குடியிருந்தது. அதற்கு எவ்வளவு இடம் என்று பேட்ச் ஃபைலில் இரண்டு வரி எழுதி ஒதுக்க வேண்டும்: ஹீப் இவ்வளவு, ஸ்டாக் இவ்வளவு. இரண்டும் சேர்ந்து 45,000 பைட்டைத் தாண்டக் கூடாது. நீளமாக ஒன்று எழுதினால் நோடுக்கு இடமில்லை என்று பாதியில் நின்றுவிடும். ஆகவே எங்கள் லிஸ்ப் எல்லாம் குட்டிக் குட்டியாக இருக்கும். ஒரு வேலைக்கு ஒரு ஃபைல். வேலை முடிந்ததா, மாறிகளை எல்லாம் 'நில்' ஆக்கி இடத்தைக் காலி செய். நல்ல பழக்கம் என்று யாரும் சொல்லிக் கற்றுக்கொண்டதில்லை. இடமில்லாமல் வந்த பழக்கம்.

ஏன் லிஸ்ப் எங்கள் கைக்கு வந்தது, பேசிக் வரவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். ஆபீசில் எஞ்சினியர்களுக்குக் கல்லூரியில் படித்த ஃபோர்ட்ரான் தெரியும். கூட்டல் குறியை இரண்டு எண்ணுக்கு நடுவில் போடாமல் முன்னால் போடச் சொன்னதே அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. எங்களுக்கு எந்த மொழியும் தெரியாது. மறக்க வேண்டியது ஒன்றுமில்லாததால், குறி முன்னால் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டோம். அதைவிட முக்கியமான காரணம், தனியாக ஒரு புரோகிராம் ஜன்னலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கோடு போடச் சொல்லும் அதே கமாண்ட் வரியில் ஒரு அடைப்புக்குறியைத் திறந்தால் லிஸ்ப். மூடினால் விடை அதே வரியில். தூரம் என்ன என்று கேள், சொல்லும். அதை ஒரு பெயரில் வை, வைத்துக்கொள்ளும். அடுத்த கோட்டுக்கு நீளம் கேட்கும்போது ஆச்சரியக்குறி போட்டு அந்தப் பெயரைத் தட்டு, எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு வாரம் கால்குலேட்டர் மாதிரி தட்டினாலே, அந்த வரிகளை ஒரு ஃபைலில் அடுக்கி மேலே ஒரு பெயர் வைக்கத் தோன்றிவிடும். பெயருக்கு முன்னால் சி-யும் முக்காற்புள்ளியும் போட்டுவிட்டால் அது ஆட்டோகேடின் சொந்தக் கட்டளைபோலவே வேலை செய்யும். நான் வைத்த பெயரை ஆட்டோகேட் கட்டளையாக மதிக்கிறது என்பது, டிரேசருக்கு ஒரு படி மேலே இருந்தவனுக்குச் சின்ன விஷயமில்லை.

ஆபீசில் எழுதப்பட்ட முதல் உருப்படியான லிஸ்ப் கம்பிக்குத்தான். கம்பியின் எடையைக் கண்டுபிடிக்கக் கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். லிஸ்பில் 12 எம்.எம். கம்பிக்கு (/ (* 12 12) 162) என்று எழுதினால் விடை 0. எண்கள் எல்லாம் முழு எண்ணாக இருந்தால் லிஸ்ப் மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். 162.0 என்று ஒரு புள்ளியும் சைபரும் சேர்த்தால்தான் 0.888889 வரும். இந்தப் பள்ளத்தில் விழாத ஆபீஸ் கிடையாது. ஸ்லாபில் ஓடுவது பெரும்பாலும் 8, 10 எம்.எம். கம்பி. அவை எல்லாம் எடையே இல்லாமல் போய்விடும். "ஸ்லாபுக்குக் கம்பியே வேணாமாம், கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்று கிண்டல் ஓடும். சைபர் வந்தால் கண்ணில் பட்டுவிடுகிறது. 16 எம்.எம். கம்பிக்கு 1.58 வர வேண்டிய இடத்தில் 1 என்று வரும், 20-க்கு 2.47-க்குப் பதில் 2. பார்க்க நியாயமான எண்ணாக இருக்கும், மேஸ்திரி தலையாட்டிவிடுவார், பர்ச்சேஸ் ஆர்டர் போய்விடும். அதனால் லிஸ்ப் போட்ட பட்டியலில் ஏதாவது ஒரு வரியைக் கையால் போட்டுப் பார்க்காமல் ஷீட் வெளியே போகக் கூடாது என்று எங்கள் சீனியர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "தம்பி, அது வேகமாத் தப்பு பண்ணும்" என்பார்.

அடுத்தது எண் போடுவது. தூணுக்கு சி1, சி2 என்று நூற்றுக்கு மேல் போகும். நடுவில் ஒரு தூண் சேர்ந்தால் அதற்குப் பின்னால் எல்லாம் ஒன்று கூட வேண்டும். கையால் செய்தால் எங்கேயாவது ஒன்று விட்டுப்போகும்; சைட்டில் இரண்டு சி47 முளைக்கும். எழுத்தைத் தொட்டால் ஒன்று கூட்டி எழுதும் லிஸ்ப், நாலைந்து வரிதான். இங்கே ஆட்டோகேட் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் லிஸ்பின் கண்ணுக்கு ஒரு பட்டியல். பட்டியலுக்குள் ஜோடி ஜோடியாக எண்ணும் விவரமும். 0-க்கு எதிரே அது வட்டமா கோடா என்று; 8-க்கு எதிரே லேயர்; 10-க்கு எதிரே தொடக்கப் புள்ளி அல்லது மையம்; 40-க்கு எதிரே வட்டமானால் ஆரம், எழுத்தானால் உயரம்; 1-க்கு எதிரே எழுதியிருக்கும் வாசகம். 8-ஐத் தேடி எடு, பழைய ஜோடியைக் கழற்றிப் புதியதை மாட்டு, பட்டியலைத் திருப்பிக் கொடு. திரையில் பொருள் லேயர் மாறி நிற்கும். இப்படி ஜோடிகளில் தேடுவது மெக்கார்த்தி காலத்திலிருந்தே லிஸ்பின் பழக்கம். ஆட்டோகேட் படத்தைப் பட்டியலாகக் கையில் கொடுத்ததும் அந்தப் பழைய கருவிகள் எல்லாம் தேடி எடுக்காமலே பொருந்திவிட்டன. எங்கள் வட்டாரத்தில் 8, 10, 40 என்ற எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்.

கோணம் ஒரு தலைவலி. ஐ.டி.ஐ.யில் பாகை மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். லிஸ்புக்கு ரேடியன் வேண்டும்; 90 என்றால் பையில் பாதி. எல்லா ஃபைலின் தலையிலும் பாகையை ரேடியன் ஆக்கும் ஒரு இரண்டு வரி இருக்கும், மளிகைச் சீட்டில் பிள்ளையார் சுழி மாதிரி. யார் முதலில் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் நகல் எடுத்தோம்.

ஸ்னாப் அதைவிடப் பெரிய தலைவலி. படம் வரையும்போது கோட்டின் முனை, நடு என்று கர்சர் தானாக ஒட்டிக்கொள்ள ஒரு வசதி உண்டு. லிஸ்ப் கோடு போடும்போதும் அது ஒட்டும். நீங்கள் சொன்ன புள்ளிக்கு நாலு மில்லிமீட்டர் தள்ளி வேறொரு முனை இருந்தால் கோடு அங்கே போய்ச் சேரும். படத்தை முழுதாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, பெரிதாக்கினால்தான் தெரியும். ஆகவே லிஸ்ப் தொடங்கியதும் ஸ்னாப்பைச் சைபராக்கி, பழைய மதிப்பை ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். நடுவில் யாராவது எஸ்கேப் தட்டிவிட்டால் திருப்பி வைக்கும் வரிக்கே போகாது. அடுத்தவர் உட்கார்ந்து "என்னண்ணே, ஸ்னாப் எடுக்கவே மாட்டேங்குது" என்பார். அதற்காகவே பிழை வந்தால் ஓடும் ஒரு துண்டைத் தனியாக எழுதக் கற்றுக்கொண்டோம். ஒரு வேலைக்கான லிஸ்பில் பாதி வரி இந்த மாதிரி முன்னேற்பாடும் துடைப்பும்தான். பாடப் புத்தகங்களில் லிஸ்ப் என்றால் ஃபேக்டோரியலும் ஹனோய் கோபுரமும்; அவற்றில் துடைப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஏரியா ஸ்டேட்மென்ட் பற்றியும் சொல்ல வேண்டும். சி.எம்.டி.ஏ. அனுமதிக்குப் போகும் பிளானில் தளம் தளமாகப் பரப்பு காட்ட வேண்டும். சுற்றுக்கோட்டை ஒவ்வொன்றாகத் தொட்டு, வரும் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, கூட்டி, பத்து லட்சத்தால் வகுத்தால் சதுர மீட்டர். விற்பவருக்குச் சதுர அடி வேண்டும், அதற்கு 10.764-ஆல் பெருக்கல். லேயரைச் சொன்னால் அதில் உள்ள மூடிய கோடுகளை எல்லாம் பிடித்து, பரப்பைக் கூட்டி, இரண்டு அலகிலும் படத்திலேயே எழுதிவிடும் லிஸ்ப் வந்த பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஆர்க்கிடெக்ட் ஆபீசிலிருந்து போன் வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. வெளியில் இருந்து பார்த்தால் அற்ப விஷயம். இதற்குப் புரோகிராமரைக் கூப்பிட்டிருந்தால் அவருக்கு டிராயிங் தெரிந்திருக்காது; என்ன வேண்டும் என்று விளக்கும் நேரத்தில் நாங்களே எழுதிவிடுவோம்.

எங்களைப் போலவே இன்னொரு கூட்டம் எங்களுக்கு முன்னாலேயே இருந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எழுத்துகளைத் திருத்த உதவும் ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் ஒரு வடிவத்தை, மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக பெர்னார்ட் கிரீன்பெர்க் என்பவர் 1978-இல் லிஸ்பில் எழுதினார். பயன்படுத்துகிறவரே புதுக் கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய ஆபீசில் டைப் அடிக்கும் செக்ரட்டரிகள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களுக்குக் கொடுத்த கையேட்டில், எடிட்டரை எப்படி நீட்டிக்கொள்வது என்று மட்டும் இருந்தது. இது புரோகிராம் எழுதும் வேலை என்று எங்கும் சொல்லவில்லை. நமக்குப் புரோகிராம் வராது என்று நம்பியிருந்தவர்கள் பயப்படாமல் எழுதினார்கள். குனு ஈமாக்ஸை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002-இல் ஒரு லிஸ்ப் மாநாட்டில் சொன்ன செய்தி இது. எண்பதுகளின் நடுவில் அவர் எழுதிய ஈமாக்ஸிலும் உள்ளே ஓடுவது லிஸ்ப்தான், இன்றைக்கும் அதுதான்.

படித்ததும் எனக்கு அந்தப் பெண்களைத் தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது. கடிதத்தின் தலைப்பில் தேதி போடுவதும் தூணுக்கு எண் போடுவதும் ஒரே ஜாதி வேலை. செய்கிறவருக்கு மட்டும் தெரிந்த அலுப்பு, செய்கிறவரே சரிசெய்துகொள்ளும் அளவுக்குச் சின்னது. லிஸ்ப் மேல் பக்தி உள்ளவர்கள் அந்த மொழியின் அழகைப் பற்றி நிறையச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அழகு இரண்டாம் பட்சம். ஏற்கனவே கையில் இருக்கும் கருவிக்குள் அது இருந்தது, தட்டிய வரிக்கு உடனே பதில் சொன்னது. ஆட்டோடெஸ்க் அன்றைக்கு வேறொரு சின்ன மொழியை அதே இடத்தில் வைத்திருந்தால் அதைக் கற்றுக்கொண்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படமும் பட்டியல், புரோகிராமும் பட்டியல் என்ற பொருத்தம் அதில் கிடைத்திருக்காது.

எழுதியது எப்படிப் பரவியது? முதலில் பத்திரிகை. கேடலிஸ்ட் என்ற ஆட்டோகேட் பத்திரிகையில் வாசகர்கள் எழுதி அனுப்பும் லிஸ்ப் துண்டுகள் அச்சாகும். பழைய இதழ் ஒன்று கிடைத்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுவோம். "ரெண்டு மூடு, இல்ல, மூணு மூடு" என்று. பிறகு ஃப்ளாப்பி. வேலை மாறிப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு ஃப்ளாப்பியோடு போவார். புது ஆபீசில் அவருக்கு மரியாதை அதில்தான். சேத்துப்பட்டில் எழுதியது சில மாதத்தில் அம்பத்தூரில் ஓடும். ஃபைலின் மேலே அரைப்புள்ளி போட்டு எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும். வாங்கியவர்கள் தங்கள் பெயரைக் கீழே சேர்ப்பார்கள், சிலர் மேலே இருந்த பெயரை அழித்துவிடுவார்கள். கொடுக்க மனமில்லாதவர்களுக்காக ஃபைலைப் படிக்க முடியாமல் மறைத்துவிடும் 'புரொடெக்ட்' என்ற சின்னக் கருவியும் இருந்தது. அப்படி மறைத்துவிட்டு மூலத்தைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பரவலுக்கு ஒரு விலையும் இருந்தது. படம் திறக்கும்போது அதே ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைல் இருந்தால் ஆட்டோகேட் கேட்காமலே ஏற்றிக்கொள்ளும். எங்களுக்குப் பெரிய வசதி. வைரஸ் எழுதுகிறவனுக்கும் பெரிய வசதி. இரண்டாயிரத்துக்குப் பிறகு, திறந்த ஃபோல்டரில் எல்லாம் தன்னை நகல் எடுத்துக்கொள்ளும் லிஸ்ப் வைரஸ்கள் வந்தன. 'பர்ஸ்டட்' என்ற ஒன்று, எக்ஸ்ப்ளோட் கட்டளையையே செயலிழக்கச் செய்துவிடும். பொருளைப் பிரிக்க முடியாமல் ஆபீசே விழிக்கும். 2012-இல் இஎஸ்இடி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த 'மெட்ரே' இன்னும் மோசம். ஆட்டோலிஸ்பில் எழுதப்பட்ட அது, திறக்கும் படங்களைச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. அதிகம் பாதிக்கப்பட்டது பெரு நாடு, போனவை பல்லாயிரம் படங்கள். ஆட்டோகேட் 2014 பதிப்பிலிருந்துதான், நம்பிக்கையான ஃபோல்டர் எது என்று சொல்லிவைத்து மற்றதை ஏற்றுமுன் எச்சரிக்கும் பூட்டு வந்தது.

கம்பெனிக்கே லிஸ்ப் மேல் ஒரு காலத்தில் ஆர்வம் குறைந்திருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதியில் விபிஏ என்ற வேறொரு மொழி ஆட்டோகேடுக்குள் வந்தது. இனி எல்லாம் அதில்தான் என்று பயிற்சி வகுப்புகள் விளம்பரம் செய்தன. இடையில் 'வைட்டல் லிஸ்ப்' என்று வேறொருவர் செய்து விற்றதை ஆட்டோடெஸ்க் வாங்கி, 'விஷுவல் லிஸ்ப்' என்று பெயர் மாற்றி, 1999-இல் வந்த ஆட்டோகேட் 2000-க்குள் சேர்த்தது. மூடாத அடைப்புக்குறி எங்கே என்று அதில் வண்ணத்தில் தெரிந்தது. எங்கள் தலைமுறைக்கு அது வைத்தியம் மாதிரி. 2010 பதிப்பில் விபிஏ தனியாக இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. லிஸ்ப் இருந்த இடத்திலேயே இருந்தது. விலை குறைந்த எல்டி பதிப்பில் மட்டும் லிஸ்ப் கிடையாது. 1993-இல் எல்டி வந்ததிலிருந்து முப்பது வருஷம் இந்த வேலி நின்றது; சின்ன ஆபீஸ்கள் பணம் மிச்சம் என்று எல்டி வாங்கிவிட்டு, பழைய லிஸ்ப் ஓடவில்லையே என்று தவிக்கும். 2023-இல் வெளிவந்த எல்டி 2024 பதிப்பில் வேலியை எடுத்தார்கள்.

டிரேசர் என்ற உத்தியோகம் இந்தக் காலத்துக்குள் மறைந்துவிட்டது. அதற்கு லிஸ்ப் மட்டும் காரணமில்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. பத்து பேர் எண்ணிய பட்டியலை இரண்டு பேர் எண்ணினால் மிச்சம் எட்டு பேர் எங்கே போவார்கள் என்ற கேள்வியை நாங்கள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை; நாங்கள் அந்த இரண்டில் இருந்தோம்.

இப்போது பெரிய வேலைகள் எல்லாம் ரெவிட், டெக்லா என்று முப்பரிமாணத்துக்குப் போய்விட்டன. அங்கே தூணை நகர்த்தினால் பட்டியல் தானே மாறும். ஆனாலும் இரண்டு பரிமாண ஷீட் சாகவில்லை. சந்தா கட்டி மாளாத ஆபீஸ்கள் பெல்ஜியத்து பிரிக்ஸ்கேட், சீனாவின் ஜீஸ்டார்கேட், இசட்டபிள்யூகேட் என்று மாறிக்கொண்டிருக்கின்றன. நான் இப்போது பகுதி நேரமாகப் போகும் ஆபீசுக்கும் அப்படி ஒரு விற்பனைப் பையன் வந்தான். மடிக்கணினியைத் திறந்து முப்பரிமாண மாடலைச் சுழற்றிக் காட்டினான், விலையைச் சொன்னான். முதலாளி, "எங்க லிஸ்ப் ஃபோல்டர் ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். பையன் அந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். பென்டிரைவை வாங்கிச் சொருகி, 1994 தேதி போட்ட கம்பிப் பட்டியல் லிஸ்பை ஏற்றி ஓட்டினான். ஓடியது. நான் எழுந்து போய் 12 எம்.எம். வரியைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் விலை பேச ஆரம்பித்தார்கள்.